யாரும் வாங்காத பாட்டு! விலை 19 லட்சம் ரூபாய்!

மணி இரவு 2. ஊர் உறங்குகிறது. வெளியே எலும்பை நடுக்கும் குளிர். ஒரு மண்டபத்தின் வாசலில் மட்டும் இளைஞர்களும் யுவதிகளும் முண்டியடித்துக் கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் மாற்று உடை, துவாலை, ஒரு டப்பா பவுடர்.

பவுடர் முகத்துக்கு அல்ல, தரைக்கு! மரத் தரையில் தூவிக் கொண்டால்தான் கால் வழுக்கிச் சுழன்று ஆட முடியும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிக்கும் பஞ்சாலைக்கும் பேர் பெற்றிருந்த ஊர் விகன். அங்கே 1973 செப்டம்பர் 23 முதல் 1981 டிசம்பர் வரை நடந்த கூத்து இது. மண்டபத்தின் பெயர் 'விகன் காசினோ'. காசினோ என்றதும் சூதாட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இரவு ஆட்டத்தில் சூதும் இல்லை, மது விற்பனையும் இல்லை. சனிக்கிழமை நள்ளிரவு கழிந்து 2 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் முடியும். வாரம் முழுவதும் ஆலையிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் விடிய விடிய ஆடினார்கள்.

ஆடியது எந்தப் பாட்டுக்கு? அதில்தான் இருக்கிறது விசேஷம். அமெரிக்காவில் எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, அங்கே யாருமே வாங்காமல் மூலையில் போடப்பட்ட பாட்டுகள் அவை!

தோற்ற பாட்டுகள்

1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 'சோல்' என்ற இசை கொடிகட்டிப் பறந்தது. 'சோல்' என்றால் ஆன்மா. தேவாலயப் பாட்டின் உருக்கத்தோடு காதலையும் பிரிவையும் பாடுவது. டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனி இந்த இசையைக் கொண்டு பெரும் பணம் குவித்தது. அதைக் கண்டதும் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. கையிலிருந்த காசைப் போட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்வார்கள். சில நூறு தட்டுகள் அடிப்பார்கள். ரேடியோக்காரர் போட்டால் உண்டு, போடாவிட்டால் அதோடு சரி. பாடியவர் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார். தட்டுகள் கிடங்குக்குப் போய்விடும்.

இங்கிலாந்தின் வடக்கே மான்செஸ்டரில் 'டுவிஸ்டட் வீல்' என்ற விடுதியில் 1960-களிலேயே இந்த வேகமான சோல் பாட்டுகளுக்கு ஆடிப் பழகியிருந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் இசையின் நடையே மாறிவிட்டது. லண்டன்காரர்கள் புதிய நடையோடு போய்விட்டார்கள். வடக்கத்தியார் மட்டும் "எங்களுக்குப் பழைய வேகம்தான் வேண்டும்" என்று நின்றார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின் என்ற எழுத்தாளர் இதைக் கவனித்தார். கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வருகிறவர்கள் கடையில் நுழைந்ததும் பழைய சரக்கைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்பதற்கு 'வடக்கத்திச் சோல்' என்று அவர் வைத்த பெயரே 1970-ல் பத்திரிகையில் ஏறி நிலைத்துவிட்டது.

பழைய வேகத்தில் புதிய பாட்டை யாரும் பாடவில்லை. வெற்றி பெற்ற பாட்டுகளோ கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டன. அப்புறம் மிஞ்சியது என்ன? தோற்றுப்போனவைதாம்! ஆகவே தோற்ற பாட்டுகளைத் தேடிக் கிளம்பினார்கள். அமெரிக்கா போய், கிடங்குகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மண்டியிட்டுத் தூசி தட்டினார்கள். ஒரு தட்டு சில சென்ட்தான். ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். ஆயிரத்தில் ஒன்று தேறினாலும் லாபம்!

ஒரு சான்று சொல்கிறேன். குளோரியா ஜோன்ஸ் என்ற பாடகி 1965-ல் வெளியிட்ட ஒரு தட்டு அமெரிக்காவில் விலைபோகவில்லை. அதன் பின்பக்கத்தில் 'டெயின்டட் லவ்' என்று ஒரு பாட்டு இருந்தது. 1973-ல் பிலடெல்பியாவுக்குப் போன ரிச்சர்ட் சியர்லிங் என்பவர் அந்தத் தட்டை வாங்கிக் கொண்டு வந்து இங்கிலாந்தில் போட்டார். ஆட்டக்காரர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். 1981-ல் 'சாஃப்ட் செல்' என்ற இருவர் குழு அதே பாட்டைத் தங்கள் பாணியில் பாட, பிரிட்டனில் அது முதலிடத்துக்கே போய்விட்டது. முன்பக்கத்துப் பாட்டு இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

பெயரை மறைத்த வித்தை

இசைத்தட்டுப் போடுகிறவர்களுக்குள் போட்டி மூண்டது. மற்றவரிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருந்தால்தான் கூட்டம் வரும். பாட்டின் பெயர் தெரிந்துவிட்டால் நாளைக்கே போட்டிக்காரரும் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவாரே! அதனால் லேபிளின் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். பாடியவர் யார் என்று கேட்டால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லுவார்கள். ஜமெய்க்காவில் ஒலிபெருக்கி வைத்துத் தெருவில் ஆட்டம் நடத்தியவர்களும் இதற்கு முன்பே லேபிளைச் சுரண்டி இந்த வித்தையைச் செய்தவர்கள்தாம்.

வியாபார தந்திரம் என்ற வகையில் இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பாடியவரை எண்ணிப் பாருங்கள். சொந்த நாட்டில் அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. கடல் கடந்து ஆயிரம் பேர் அவர் குரலுக்கு ஆடும்போது அங்கேயும் அவர் பெயரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்!

பிராங்க் வில்சன் என்பவருக்கு நேர்ந்ததும் இதுதான்.

தயாரிப்பாளரா, பாடகரா?

வில்சன் மோட்டவுன் கம்பெனியின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் பாட்டுத் தயாரிப்பாளர். 1965-ல் 'டூ ஐ லவ் யூ' என்ற பாட்டைத் தாமே எழுதித் தாமே பாடினார். கம்பெனியின் கிளை முத்திரையான 'சோல்' லேபிளில் 35019 என்ற எண்ணோடு முன்பிரதிகள் அடிக்கப்பட்டன. சுமார் 250 என்று சொல்லுகிறார்கள். அந்தச் சமயத்தில் கம்பெனித் தலைவர் பெர்ரி கார்டி அவரைக் கூப்பிட்டு, பாடகராக விருப்பமா, தயாரிப்பாளராக விருப்பமா என்று கேட்டாராம். வில்சன் தயாரிப்பாளர் வேலையே போதும் என்றார். வெளியீடு நின்றது. அடித்த தட்டுகளும் அழிக்கப்பட்டன. 'சுப்ரீம்ஸ்', 'ஃபோர் டாப்ஸ்', 'டெம்ப்டேஷன்ஸ்' முதலிய புகழ்பெற்ற குழுக்களுக்கு அவர் பாட்டுகள் தயாரித்துக் கொடுத்தார். தாம் பாடியதை மறந்தே போயிருப்பார்.

1970-களின் பிற்பகுதியில் கம்பெனியின் சேமிப்பிலிருந்து ஒரு பிரதி வெளியே வந்து இங்கிலாந்தை அடைந்தது. விகன் காசினோவில் ரஸ் வின்ஸ்டன்லி அதைச் சுழலவிட்டார். பாடியவர் பெயர்? 'எட்டி ஃபாஸ்டர்' என்று அறிவிக்கப்பட்டது! அந்தப் பெயரில் உண்மையாகவே வேறொரு பாடகர் உண்டு என்பது வேடிக்கை. பாட்டு தீயாகப் பற்றிக் கொண்டது. 1979-ல் கம்பெனியே அதைப் பிரிட்டனில் முறைப்படி வெளியிட்டது.

முறைப்படி வந்த பிறகு, சில பவுன் கொடுத்தால் யாரும் அந்தப் பாட்டைக் கேட்கலாம். அப்படியானால் பழைய தட்டின் விலை விழ வேண்டுமல்லவா? ஏறியது! 1965-ல் அடித்த அசல் தட்டில் உலகில் இரண்டே இரண்டுதான் மிஞ்சியிருப்பதாக நெடுங்காலம் சேகரிப்போர் கணக்குச் சொன்னார்கள். அதில் ஒன்று 2009-ல் ஏலத்துக்கு வந்தபோது 25,742 பவுனுக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 19 லட்சம் ரூபாய்! ஒரு சாண் அகலங்கூட இல்லாத தட்டுக்கு!

அசலா, போலியா?

இத்தனை பணம் புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? 1970-களிலேயே கள்ளத்தட்டுகள் குவிந்துவிட்டன. அமெரிக்க நாட்டுச் சட்டமும் அதற்கு முன் தளர்வாகவே இருந்தது. 1972 பிப்ரவரி 15 முதல் பதிவான ஒலிக்குத்தான் அந்நாட்டு மத்திய அரசின் உரிமைப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு முந்திய பாட்டுகளைத் திருடுகிறவர்களுக்குப் பயம் குறைவு.

சரி, அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவசாலிகள் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். பாட்டுக் கோடுகள் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கிறதல்லவா? தட்டின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது! பதிவு எண் இருக்கும். எந்தப் பட்டறையில் வெட்டினார்கள், எந்த ஆலையில் அடித்தார்கள் என்ற அடையாளமும் இருக்கும். நியூயார்க்கில் 'பெல் சவுண்ட்' நிலையத்தார் வெட்டினால் அவர்கள் பெயர் முத்திரையாக விழும். லாஸ் ஏஞ்சல்ஸ் 'மோனார்க்' ஆலை ஒரு சிறு முக்கோணமும் வரிசை எண்ணும் போடும். எண் வரிசையாகப் போவதால் எந்த ஆண்டில் அடித்தது என்றுகூடக் கணிக்கலாம்.

மிச்சிகன் மாகாணத்தில் ஓவாசோ என்ற ஊரிலிருந்த ஆலை 'ஏ.ஆர்.பி.' என்ற எழுத்தைப் பொறிக்கும். டெட்ராய்ட் கம்பெனிகள் பலவற்றுக்கு அதுதான் ஆலை. 1972-ல் அது தீக்கிரையாகிவிட்டது. அந்த முத்திரை இயந்திரத்தால் தெளிவாக விழுந்திருந்தால் தட்டு அதற்கு முந்தியது என்று நம்பலாம். ஊசியால் கிறுக்கினாற்போல் இருந்தால் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னும் சில சங்கதிகள் உண்டு. எல்லாத் தட்டும் வினைலில் வார்த்ததல்ல. 'ஸ்டைரீன்' என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் பல வந்தன. நகத்தால் தட்டினால் ஓசையே வேறு. அதில் லேபிளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். வினைலிலோ லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுந்தியிருக்கும். அசல் ஸ்டைரீனில்தான் வந்தது என்று தெரிந்த பாட்டு வினைலில் கிடைத்தால் உடனே சந்தேகம் எழும். போலி லேபிள் பெரும்பாலும் அசலைப் படம் பிடித்து அச்சிட்டது. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் கலங்கித் தெரியும். பாட்டையும் ஒரு தட்டிலிருந்தே நகல் எடுத்திருப்பதால் ஒலி மங்கிக் கேட்கும். லேபிளில் துளை போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். விற்காத சரக்கைக் கழித்துக் கட்டும்போது கம்பெனியார் தாங்களே போட்ட துளை அது. தோற்றதற்கு அதுவே அத்தாட்சி!

ஆட்டம் நடக்கும் மண்டபத்தின் ஓரத்திலேயே வியாபாரமும் நடக்கும். மரப் பெட்டியில் அடுக்கிய தட்டுகளோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். காசுக்கும் உண்டு, பண்டமாற்றும் உண்டு. ஒரு அபூர்வத் தட்டுக்குப் பதில் இருபது நல்ல தட்டுகளைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவரும் உண்டு. நேர்மையான கூடங்களில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அசல் தட்டைத்தான் போட வேண்டும். மறுபதிப்பைப் போட்டவரை மதிக்கமாட்டார்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகவே படுகிறது. ஆடுகிற காலுக்கு அசல் எது, நகல் எது? ஆனால் கள்ளத்தட்டுக்காரரை ஒடுக்கியதில் இந்தப் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

பாடியவருக்கு என்ன?

கைமாறும் பழைய தட்டிலிருந்து பாடியவருக்கு ஒரு காசும் போகாது. வில்சனுக்கும் அந்த 25,742 பவுனில் பங்கில்லை. அவர் இசைத் தொழிலை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ சமய ஊழியராகி, 2012-ல் காலமானார்.

என்றாலும் சிலருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. மறைத்த பெயர்களைத் துப்பறிந்து வெளிக்கொணர்ந்தவர்களும் இதே சேகரிப்போர்தாம். லேபிளிலிருந்து எழுதியவர் பெயர், அதிலிருந்து பழைய கம்பெனி, அங்கிருந்து டெலிபோன் டைரக்டரி என்று தொடர்ந்து போய்ப் பாடியவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பாடாதவர்களை இங்கிலாந்துக்கு அழைத்து மேடையேற்றினார்கள். தலை நரைத்த பாடகர் மெல்ல முதல் வரியை எடுப்பார். கீழே நிற்கிற கூட்டம், அவர் ஊரில் ஒருவருக்கும் தெரியாத அந்தப் பாட்டை, இரண்டாம் வரியிலிருந்து அவருக்கு முன்னால் பாட ஆரம்பித்துவிடும்.