நின்றால் துரு, ஓடினால் உயிர்!
பழைய கிராலர் டிராக்டரைப் பராமரிப்பதும் காட்சிக்குக் கொண்டுபோவதும்

வாங்கும் விலை ஒன்று. வைத்துக் காப்பாற்றும் விலை வேறு. வணிகர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடங்கில் அடுக்கிய பருப்பு மூட்டையை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்க்காவிட்டால் வண்டு புகுந்துவிடும். சரக்கு நமது பெயரில்தான் இருக்கும். மதிப்பு மட்டும் போய்விடும்.

இரும்பு இயந்திரங்களுக்கும் இதே விதிதான். அமெரிக்காவில் விவசாயிகளும் ஒப்பந்தக்காரர்களும், தங்கள் தகப்பனார், பாட்டனார் காலத்து கிராலர் டிராக்டர்களைச் செப்பனிட்டு, ஓடும் நிலையில் வைத்து, ஆண்டுதோறும் காட்சிகளுக்குக் கொண்டு செல்கிறார்கள். ரப்பர் டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலித் தடத்தின் மேல் ஊர்ந்து செல்லும் வண்டிதான் கிராலர். நாம் பார்க்கும் புல்டோசரின் மூதாதை அது. அதைக் காப்பாற்றும் முறையில் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு.

சேற்றில் பிறந்த வண்டி

கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் நகரைச் சுற்றியுள்ள டெல்டா நிலம், கால் வைத்தால் அமிழும் மென்மையான மண். அன்றைய நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. சக்கரங்களை அகலமாக்கிப் பார்த்தார்கள். ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடி வரை போனது, அப்படியும் பயனில்லை. கடைசியில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் பொருத்திய சங்கிலித் தடங்களை மாட்டினார். 1904 நவம்பர் 24 அன்று சோதனை நடந்தது. வண்டி புதையாமல் ஊர்ந்தது. அதைப் பார்த்த புகைப்படக்காரர் ஒருவர் கம்பளிப்புழுவைப் போல ஊர்கிறதே என்று சொன்னாராம். அதிலிருந்து வந்ததுதான் ‘கேட்டர்பில்லர்’ என்ற வணிகப் பெயர்.

ஹோல்ட் நிறுவனமும், அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் பல ஆண்டுகள் வழக்குமன்றத்திலும் சந்தையிலும் மோதிக்கொண்டன. கடைசியில் 1925-இல் இரண்டும் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி ஆயின. போட்டியில் கரைந்த முதலை இணைப்பில் மீட்டார்கள் என்று நமது பாஷையில் சொல்லலாம்.

சேகரிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் சிறிய வண்டிகளில் ஒன்று இந்தக் கம்பெனியின் டி2. 1938 முதல் 1957 வரை தயாரானது. நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். எடை மூன்று டன்னுக்கு மேல். ஒரு சாதாரண டிரெய்லரில் ஏற்றிச் செல்லலாம் என்பதால், முதன்முதலில் வாங்குகிறவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். இந்த டி2-வையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

ஒரு என்ஜினைக் கிளப்ப இன்னொரு என்ஜின்

இந்த வண்டியில் சாவியைத் திருப்பினால் டீசல் என்ஜின் கிளம்பிவிடாது. அதன் பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று இருக்கிறது. ‘போனி மோட்டார்’ என்று அதற்குப் பெயர். முதலில் அதைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் மடங்கிய கட்டைவிரலின் எலும்பு முறியும்.

போனி மோட்டார் சூடேறியதும் அதை டீசல் என்ஜினோடு இணைத்து, அழுத்தத்தை விடுவிக்கும் நெம்புகோலைத் திறந்து வைத்துச் சில நிமிடம் சுழல விடுவார்கள். இரண்டு என்ஜின்களுக்கும் ஒரே தண்ணீர் ஓடுவதால் டீசல் என்ஜின் சூடாகிறது. போனியின் புகைக்குழாய், டீசல் என்ஜின் காற்றை இழுக்கும் பாதையின் வழியாகச் செல்வதால் உள்ளே போகும் காற்றும் சூடாகிறது. ஆயில் அழுத்தம் ஏறியது தெரிந்த பிறகே நெம்புகோலை மூடி, டீசலைத் திறப்பார்கள். பனிக்காலத்திலும் வண்டி கிளம்புவதற்காகச் செய்த ஏற்பாடு இது. பேட்டரி இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் போனி மோட்டாரைச் சுவிட்ச் போட்டு நிறுத்துவது தவறு. பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்படி விட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சப் பெட்ரோல் பிசினாகி அடுத்த தடவை அடைத்துக்கொள்ளும். குழாயை மூட மறந்தாலோ பெட்ரோல் மெல்லக் கசிந்து போனியின் ஆயிலில் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. கடை திறந்ததும் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வியாபாரம் தொடங்குவதைப் போன்ற பழக்கம் இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டீசல் பம்பினுள் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு, நெடுநாள் நின்ற வண்டியில் பிசினேறி ஒட்டிக்கொள்ளும். அது திறந்த நிலையில் ஒட்டியிருக்க என்ஜினைக் கிளப்பினால், வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி என்ஜினே சிதறிப் போகலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தண்டு தாராளமாக நகர்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். காற்று போகும் வாயை அடைக்க ஒரு பலகையையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் கிளப்புவார்கள்.

ஒரு மழை போதும்

பழைய கிராலர்கள் பெரும்பாலும் வேலை செய்து தேய்ந்து சாகவில்லை. நின்று துருப்பிடித்துத்தான் செத்தன. நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயில் மழைத் தண்ணீர் இறங்கினால், அது சிலிண்டருக்குள் போய் பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளச் செய்யும். பிறகு ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். பொறுமையிழந்து பலத்தைக் காட்டினால் உடைவதுதான் மிச்சம். குழாயின் வாயில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்திருந்தால் இத்தனையும் இல்லை.

பனி பெய்யும் ஊர்களில் ரேடியேட்டரிலும் என்ஜினிலும் வெறும் தண்ணீரை விட்டுவைத்தால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஒரே இரவில் என்ஜின் பழைய இரும்புக்குப் போகும். தண்ணீர் இறக்கும் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. சேறு அடைத்துக்கொண்டு பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கம்பியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். உறையாத திரவத்தை ஊற்றி வைப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

செலவு முழுவதும் காலடியில்

கிராலர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, சங்கிலியை. பழைய சைக்கிள் செயின் தேய்ந்து நீண்டு, பல் சக்கரத்தை விட்டு நழுவுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கும் அதே கதைதான். கண்ணிகளை இணைக்கும் பின்னும் புஷ்ஷும் தேயத் தேயச் சங்கிலி நீள்கிறது. நீண்ட சங்கிலி பல் சக்கரத்தையும் தின்கிறது. பற்கள் கொக்கிபோல் வளைகின்றன. தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் பின்னையும் புஷ்ஷையும் பெரிய அழுத்த இயந்திரத்தில் கழற்றி, பாதிச் சுற்றுத் திருப்பிப் போடலாம். தேயாத பக்கம் வேலைக்கு வந்து, சங்கிலிக்கு இரண்டாவது ஆயுள் கிடைக்கும். இதைச் செய்யாமல் காலம் கடத்தினால் முழுச் சங்கிலியையும் மாற்ற வேண்டிவரும். அந்தத் தொகை வண்டியின் விலையையே மிஞ்சுவதும் உண்டு.

சங்கிலியின் இறுக்கத்திலும் கவனம் வேண்டும். மேற்பகுதி ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை தொய்ந்திருக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் எல்லாப் பாகங்களும் சீக்கிரம் தேயும். அதிகம் தளர்ந்தால் திருப்பத்தில் சங்கிலி கழன்று விழும். வேலை முடிந்த அன்றே தடத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட வேண்டும். காய்ந்த சேறு ரோலர்களைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். சுழலாத ரோலர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும்.

டி2-வுக்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இரு கைகளுக்கும் இரண்டு நெம்புகோல்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக் கிளட்ச்சை விடுவிக்கும். இடது நெம்புகோலை இழுத்தால் இடது சங்கிலிக்கு விசை நிற்கும். வண்டி இடது பக்கம் திரும்பும். இந்தக் கிளட்ச் தட்டுகள் ஈரத்தில் நின்றால் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி நேராகப் போகுமே தவிர, திரும்பாது. கிளட்ச் அறைக்குள் புகுந்த தண்ணீரையும், கசிந்து சேர்ந்த ஆயிலையும் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து அவ்வப்போது வடிக்க வேண்டும். அதைவிட நல்ல மருந்து, மாதம் ஒரு தடவை வண்டியைக் கிளப்பி, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பதுதான். ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தினால் போதாது. குளிர்ந்த என்ஜினில் ஈரம் தங்கி, நன்மையைவிடத் தீமையே அதிகமாகும்.

பாலிஷ் போட்ட பருப்பு

காட்சிக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு வண்ணம் பூசுவதில் பலர் தவறுகிறார்கள். கேட்டர்பில்லர் என்றாலே மஞ்சள் என்று நினைக்கிறோம். உண்மையில் 1931 டிசம்பர் வரை அந்த வண்டிகளுக்குச் சாம்பல் நிறம். அலங்காரம் மட்டும் சிவப்பு. அதற்குப் பிறகே மஞ்சள் வந்தது. 1929-ஆம் ஆண்டு வண்டிக்குப் பளபளவென்று மஞ்சள் அடித்துக் கொண்டுவந்தால், விவரம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். டி2 பிறந்ததே 1938-இல்தான் என்பதால் அதற்கு மஞ்சள்தான் சரி. வண்டியின் வரிசை எண்ணைப் பார்த்தே காலத்தைக் கண்டுகொள்ளலாம். முதலில் 3ஜே அல்லது 5ஜே என்றிருந்தால் 1947 வரை வந்த பழைய வகை. 4யூ அல்லது 5யூ என்றால் அதற்குப் பிந்தியது.

தேய்ந்த சங்கிலிக்கும் ஒழுகும் என்ஜினுக்கும் மேலே புது வண்ணம் பூசுவது, பருப்புக்குப் பாலிஷ் போடுவதைப் போன்றதுதான். முதல் தடவை ஏமாந்த வாடிக்கையாளர் மறுதடவை வரமாட்டார். பழைய வண்ணம் உரிந்திருந்தாலும் உள்ளே எல்லாம் ஒழுங்காக ஓடும் வண்டிக்கு இந்தக் காட்சிகளில் தனி மரியாதை உண்டு.

காட்சிக்குப் போகும் வழியில்

விபத்து அதிகம் நேரக்கூடிய இடம் காட்சி மைதானம் அல்ல. டிரெய்லரில் ஏற்றி இறக்கும் சாய்வுப் பலகைதான். இரும்புச் சங்கிலி இரும்புத் தளத்தில் பனிக்கட்டியில் போல வழுக்கும். ஆகவே மரப்பலகை போட்ட தளம் வேண்டும். சாய்வில் ஏறத் தொடங்கிய பிறகு திருப்பக் கூடாது. பக்கவாட்டில் ஆள் நிற்கக் கூடாது. ஏற்றியபின் நான்கு மூலைகளிலும் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும்.

இறக்கத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. சரிவில் வண்டியின் எடையே அதை முன்னே தள்ளும். என்ஜின்தான் இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது இடது நெம்புகோலை மட்டும் இழுத்தால், பிடிப்பு விட்ட இடது சங்கிலி வேகமாக ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! சமதளத்தில் கற்ற பாடம் சரிவில் தலைகீழாகிறது. இதை அறியாமல் ஓட்டியவர்கள் வண்டியைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் நகரில் 1950 முதல் நடந்துவரும் பழைய இயந்திரத் திருவிழா பெயர் பெற்றது. இப்படிப்பட்ட விழாக்களில் வண்டிகளை வெறுமனே நிறுத்தி வைப்பதில்லை. அவை ஏர் இழுக்கும், மண் தள்ளும். பார்வையாளர்களுக்கும் ஓடும் வண்டிக்கும் நடுவே கயிறு, பக்கத்தில் தீயணைப்புக் கருவி, ஓடும்போது இருக்கையை விட்டு இறங்காத ஓட்டுநர்: இவை மூன்றும் இருந்தால்தான் காட்சி நல்லபடியாக முடியும்.

சங்கத்தின் பலம்

தனியொருவரால் இதையெல்லாம் தாங்க முடியாது. 1991-இல் தொடங்கப்பட்ட ஆன்டிக் கேட்டர்பில்லர் மெஷினரி ஓனர்ஸ் கிளப் என்ற உரிமையாளர் சங்கம், உறுப்பினர்களுக்கு ஓர் இதழ் நடத்துகிறது. பல பகுதிகளில் கிளைகளும் வைத்திருக்கிறது. ஒருவரிடம் உடைந்த பாகம் இன்னொருவரின் கொட்டகையில் கிடைக்கும். போனி மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் முதியவரிடம் இளைஞர் நின்று கற்றுக்கொள்ளும் இடமும் இதுதான். பாகத்தையாவது புதிதாக வார்த்துக்கொள்ளலாம். அந்தக் காதும் கையும் போய்விட்டால் எங்கே வாங்குவது?

செப்பனிட்டு வண்ணம் பூசிய நாளோடு வேலை முடிந்தது என்று நினைத்தவரின் வண்டி, சில ஆண்டுகளில் மறுபடியும் துருப்பிடித்து நிற்கிறது. ஆயில் மாற்றிய தேதி, ஓடிய மணி, சங்கிலித் தொய்வு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மாதம் தவறாமல் ஓட்டுகிறவரின் வண்டி பேரன் காலத்திலும் கிளம்புகிறது. பேரேட்டை அன்றன்றே எழுதி, சரக்கைத் தேங்கவிடாமல் கடை நடத்தும் நமது உறுப்பினர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.