மேசை எப்படிப் பெண்பால் ஆனது?

பிரெஞ்சு கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது இதைத்தான்: "மேசை ஏன் பெண்பால்? புத்தகம் ஏன் ஆண்பால்?" இன்று பலரும் கைப்பேசிச் செயலியில் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். செயலி 'யுன் தாப்ல்' சரி, 'அன் தாப்ல்' தவறு என்று காட்டும், காரணம் சொல்லாது. "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று நாமும் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அதோடு கேட்பதையே நிறுத்திவிடும்.

காரணம் இருக்கிறது. தமிழில் பால், பொருளைப் பார்த்து அமைகிறது; பிரெஞ்சில் அது சொல்லுக்கு உரியது. மேசையைக் குறிக்கும் சொல்லின் மூலமான 'தபுலா' இலத்தீனிலேயே பெண்பால். புத்தகத்தின் மூலமான 'லிபெர்' ஆண்பால். பாட்டி வீட்டுச் சொத்துபோல் பாலும் சேர்ந்தே வந்தது. பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு இன்னொரு சான்று: பிரெஞ்சில் சூரியன் ஆண்பால், நிலா பெண்பால், ஜெர்மனில் நேர்மாறு. 'ஆள்' என்று பொருள்படும் 'பெர்சோன்' எப்போதும் பெண்பால்தான், அந்த ஆள் மீசை வைத்திருந்தாலும்!

பெயர்ச்சொற்களை 'லு', 'லா' என்ற சுட்டுகளோடு படிப்பதைவிட 'அன்', 'யுன்' சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். உயிரொலிக்கு முன் 'லு', 'லா' இரண்டுமே வெறும் 'ல்' ஆகிவிடும். 'லெகோல்' என்று படித்தவருக்குப் பள்ளியின் பால் தெரியாது. 'யுன் எகோல்' என்று படித்தவருக்குத் தெரியும்.

அடுத்தது பசி. "ஜு சுயி ஃபேன்" என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தை இடையில் வைத்து யோசிப்பதால் வரும் பிழை இது. நாம் 'நான் பசியாக இருக்கிறேன்' என்றா சொல்கிறோம்? எனக்குப் பசி, எனக்குப் பதினைந்து வயது என்கிறோம். பிரெஞ்சும் பசியையும் வயதையும் ஒருவரிடம் உள்ளவையாகவே சொல்கிறது: 'ஜே ஃபேன்', 'ஜே கேன்ஸ் ஆன்'. தமிழ்வழியில் படித்த மாணவர்களுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும்.

நீ, நீங்கள் என்பதற்கு 'த்யு', 'வூ' உண்டு; அதில் சிக்கல் குறைவு. பிரான்சில் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் தாத்தாவையும் 'த்யு' என்றே அழைப்பார்கள் என்றால் மட்டும் நம்ப மறுப்பார்கள்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது தொடக்கத்தில் துணைதான், நெடுநாள் உதவாது. ரொட்டிக்கும் குளியலுக்கும் ஒலி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்'. தலையில் ஊர்வது தனி.

எண்களில் 70 என்பது 'அறுபது-பத்து', 80 என்பது 'நான்கு இருபது', 92 என்பது 'நான்கு இருபது பன்னிரண்டு'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் தனிச்சொற்கள் உண்டு. "எண்பதுக்குப் பின் ஒன்பதை நூறோடு சேர்த்துத் தொண்ணூறு என்கிறோமே" என்று கேட்டால் முணுமுணுப்பு அடங்கும். ஆனால் சொல்வதெழுதுதலில் 72 என்றால், 'அறுபது' காதில் விழுந்ததுமே 6 எழுதிவிடுகிறார்கள். பிரான்சில் தொலைபேசி எண்களை இரண்டிரண்டு இலக்கங்களாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லி, ஒவ்வோர் இணையும் முடிந்த பிறகே பேனாவை எடுக்க வைக்கிறேன். இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது.