பனிநீரில் ஒரு கை

ஐஸ் கலந்த தண்ணீரில் மணிக்கட்டு வரை கையை விட வேண்டும். தாங்கும் வரை வைத்திருக்கலாம், முடியாவிட்டால் எடுத்துவிடலாம். சோதனை அவ்வளவுதான். முதலில் சிலீரென்று இருக்கும்; கொஞ்ச நேரத்தில் எலும்பைக் குடைவதுபோல் வலிக்கும். காயம் என்று எதுவும் ஆகாது. அதனால்தான் வலியை ஆராய்பவர்களுக்கு இந்தத் தண்ணீர்த் தொட்டி மேல் அத்தனை பிரியம்.

அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், கறுப்பினத்தவர் சராசரியாக வெள்ளையரைவிடச் சீக்கிரம் கையை எடுத்துவிடுகிறார்கள். உடனே மரபணுவைக் கைகாட்டுவது சோம்பேறித்தனம். வலிக்கும்போது மனம் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டாமா?

அதை அளக்க, கனடா உளவியலாளர் மைக்கேல் சல்லிவனும் சகாக்களும் 1995இல் 13 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். வலியையே ஓயாமல் அசைபோடுவது, அதை ஊதிப் பெரிதாக்குவது, இனி நம்மால் ஆகாது என்று ஓய்ந்துபோவது என மூன்று போக்குகளை அது பிரித்துக் காட்டும். மொத்த மதிப்பெண் 52. மதிப்பெண் ஏற ஏற, அதே வலி கூடுதலாக உறைக்கும்.

இண்டியானாபொலிஸ் ஆய்வாளர்கள் 2017இல் இந்த மூன்றையும் தனித்தனியே சோதித்தார்கள். கறுப்பின, வெள்ளையினப் பங்கேற்பாளர்களிடையே தெரிந்த வித்தியாசத்துக்கு விளக்கம் தந்தது முதல் போக்கு மட்டுமே: அசைபோடுதல். பெரிதாக்குவதற்கும் ஓய்ந்துபோவதற்கும் அதில் பங்கில்லை. ஆக, ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று இந்த முடிவைப் படித்தால் தப்பு. வலியிலிருந்து கவனத்தைத் திருப்ப முடியாமல் போவது வேறு, இல்லாத வலியைச் சொல்வது வேறு.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவ உலகில் உலவும் நம்பிக்கை பனிநீர்ச் சோதனை காட்டுவதற்கு நேரெதிர்: கறுப்பினத்தவருக்கு வலி குறைவாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஏதாவது ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பழகிப்போனவருக்கு, வலி மனதை விட்டு எளிதில் அகலாது என்பது என் ஊகம். அந்தப் பழக்கம் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம்: அட்லாண்டாவில் எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2000இல் வெளியானது. வெள்ளையரில் 74 சதவீதம் பேருக்கு வலி மருந்து கிடைத்தது. கறுப்பினத்தவரில் 57 சதவீதம் பேருக்குத்தான். வலிக்கிறது என்று நோயாளிகள் சொன்னது மருத்துவக் குறிப்பேடுகளில் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பதிவாகியிருந்தது.