இரண்டு கடல் நடுவே தனுஷ்கோடி!

ஒரு பக்கம் குளம் போல் அமைதியான கடல். இன்னொரு பக்கம் பொங்கிச் சீறும் கடல். நடுவே வெள்ளை மணல். அந்த மணலின் முனையோடு நிலம் முடிந்து விடுகிறது.

அதுதான் தனுஷ்கோடி!

காலையில் ராமநாதபுரத்தில் புறப்பட்டால் மாலைக்குள் தனுஷ்கோடி முனையைப் பார்த்துவிட்டு ராமேசுவரம் திரும்பி விடலாம். அரண்மனை, கடல் பாலம், பெரிய கோவில், அழிந்த துறைமுகம் ஆகிய நான்கும் ஒரே பாதையில் இருக்கின்றன.

சேதுபதி அரண்மனை

ராமநாதபுரத்தை ஆண்டவர்கள் சேதுபதி மன்னர்கள். சேதுவுக்கு வரும் யாத்திரீகர்களைக் காப்பது அவர்கள் கடமை. அதனால்தான் அந்தப் பெயர்.

அவர்களுடைய ராமலிங்க விலாசம் அரண்மனையை இன்றும் பார்க்கலாம். சுவர்களில் எல்லாம் வண்ண ஓவியங்கள்! போர்க்களமும் ராமாயணக் கதையும் அவற்றில் உண்டு.

1893-ல் விவேகானந்தர் அமெரிக்கா போக ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர் பாஸ்கர சேதுபதி. வெற்றியோடு திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ந் தேதி பாம்பனில் வந்து இறங்கினார். மன்னரே நேரில் சென்று வரவேற்றார்.

கடல் மேல் ரெயில்

மண்டபத்தைத் தாண்டியதும் கடல் வந்து விடும். அக்கரையில் இருப்பது பாம்பன் தீவு. ராமேசுவரமும் தனுஷ்கோடியும் அந்தத் தீவில்தான் இருக்கின்றன.

1914-ல் கடல் மேல் ரெயில் பாலம் திறந்தார்கள். நீளம் 2 கிலோ மீட்டருக்கு மேல். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளைத் தூக்குவது போல் விரியும். கப்பல் போனதும் மூடிக்கொள்ளும். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாலம் உழைத்தது.

2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி விரிவது இல்லை. லிப்ட் போல் அப்படியே மேலே எழும்புகிறது!

பஸ்சிலும் காரிலும் போகிறவர்களுக்கு 1988-ல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. அதன் மேல் இருந்து பார்த்தால் ரெயில் பாலமும் மீன்பிடிப் படகுகளும் நன்றாகத் தெரியும்.

1,212 தூண்கள்

ராமேசுவரம் கோவிலின் மூன்றாம் பிரகாரம் உலகப் புகழ் பெற்றது. மொத்தம் 1,212 தூண்கள்! ஒரு முனையில் நின்றால் மறுமுனை புள்ளி போல் தெரியும்.

கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் உண்டு. பல தீர்த்தங்கள் கிணறுகளே. ஒவ்வொன்றின் தண்ணீருக்கும் ஒரு சுவை என்பார்கள்.

முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாம் பிறந்த ஊரும் இதுவே. பேக்கரும்பில் உள்ள அவருடைய நினைவு மண்டபம் 2017-ல் திறக்கப்பட்டது.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

ராமேசுவரத்தில் இருந்து தனுஷ்கோடி சுமார் 20 கிலோ மீட்டர். "தனுசு" என்றால் வில். "கோடி" என்றால் முனை. ராமர் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் என்பது கதை.

ஒரு காலத்தில் இது பெரிய துறைமுகம். சென்னை எழும்பூரில் "போட் மெயில்" ரெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். பிறகு மறுபடியும் ரெயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்!

இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைத் தமிழர்களும் இந்த வழியே போனார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்க வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள்.

தனுஷ்கோடியில் ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாம் இருந்தன.

அந்தப் பயங்கர இரவு

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு. பேய்க்காற்று வீசியது. கடல் மலை போல் எழுந்து ஊருக்குள் புகுந்தது.

அந்த நேரத்தில் பாம்பனில் இருந்து ஒரு ரெயில் தனுஷ்கோடியை நெருங்கிக் கொண்டிருந்தது. அதில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ராட்சத அலை ஒன்று ரெயிலை அப்படியே புரட்டிப் போட்டது. அதில் வந்தவர்கள் எல்லோரும் மாண்டனர்.

விடிந்தபோது ஊர் இல்லை! அந்தப் புயலில் சுமார் 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு.

பாம்பன் பாலமும் உடைந்தது. 145 இரும்புப் பாலப் பகுதிகளில் 126-ஐக் கடல் அடித்துச் சென்றது. என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் கடலில் மூழ்கிய இரும்பையும் மீட்டு, 46 நாளில் பாலத்தைச் சரி செய்தார்கள்.

ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் ரெயில் திரும்பவே இல்லை. மக்கள் வாழத் தகுதி இல்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்து விட்டது.

மணலுக்குள் நல்ல தண்ணீர்!

இன்று அங்கே மாதா கோவிலின் சுவர்களும் ரெயில் நிலையத்தின் இடிபாடுகளும் நிற்கின்றன. வழியில் உள்ள கோதண்டராமர் கோவில் மட்டும் அந்தப் புயலிலும் தப்பியது.

ஆனாலும் மீனவர்கள் அந்த மண்ணை விடவில்லை. குடிசை போட்டு வாழ்ந்து வருகிறார்கள்.

வடக்கே உள்ள அமைதியான கடலைப் "பெண் கடல்" என்றும், தெற்கே சீறும் கடலை "ஆண் கடல்" என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளித்தால் வடக்கே வலை வீசுவார்கள். வடகிழக்குக் காற்றில் வடக்குக் கடல் பொங்கினால் தெற்கே போவார்கள்.

குடிக்கத் தண்ணீர்? அதுதான் அதிசயம்! கடலுக்குப் பக்கத்திலேயே மணலைச் சிறிது தோண்டுகிறார்கள். நல்ல தண்ணீர் ஊறுகிறது! மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்து விடும். எவ்வளவு தோண்டுவது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

குளிர் காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. 2025-ல் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

போகிறவர்கள் கவனிக்க

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தார்கள். பஸ்சிலேயே போகலாம். இருட்டும் முன் திரும்பி விட வேண்டும்.

அரிச்சல்முனையில் குளிக்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்து விடும். இடிந்த சுவர்கள் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மணலில் போடாதீர்கள். அந்த மணலில் ஊறுவதுதான் அங்கே இருப்பவர்களின் குடிதண்ணீர்.

முனையில் குடிசைக் கடைகள் உண்டு. வறுத்த மீனும் சங்கும் விற்பார்கள். அங்கே ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தால், ஊர் அழிந்த பிறகும் ஊரை விடாத குடும்பத்துக்கு நாலு காசு கிடைக்கும்.