மழைத்துளியும் ஒளிவில்லையும்

நுழையும்முன்

கண்ணுக்கு இமை காவல். ஒளிப்படக் கருவியின் கண்ணாகிய வில்லைக்கு இயற்கை இமை எதையும் அளிக்கவில்லை. மழை, பனி, ஈரக்காற்று ஆகியவற்றிலிருந்து அதனைக் காக்கும் பொறுப்பு, கருவியைக் கையாள்பவரையே சாரும். அப்பொறுப்பின் பின்னுள்ள அறிவியலை அறிந்துகொள்வோம்.

வறண்ட நிலத்தில் வரும் மழை

திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டத்தில், கரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் மூலனூர். முருங்கைத் தோட்டங்களும் காற்றாலைகளும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுதான் மிகுதியாக வீசும். ஆடிக்காற்றில் புழுதி பறக்கும். மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்களைத் தவிர்ப்பது தமிழர் வழக்கம். ஐப்பசியும் கார்த்திகையும் திருமண மாதங்கள். அவையே அடைமழை மாதங்களும்கூட. எனவே, மணவிழாக்களைப் படமெடுத்து வாழும் கலைஞருக்கு, வேலை மிகும் காலமும் கருவிக்கு இடர் மிகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மங்கலநாண் பூட்டும் நொடி மீண்டும் வாராது. அந்நொடியில் வில்லை மங்கினால் ஒரு குடும்பத்தின் நினைவு மங்கும். கலைஞரின் நற்பெயரும் குறையும். ஆண்டின் பெரும்பகுதி வறட்சியைக் காணும் ஊரில் ஈரத்தைப் பற்றிய எச்சரிக்கை குறைவாக இருப்பது இயல்பு. அதனாலேயே அங்கு இவ்வறிவு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

துளியும் ஒரு வில்லையே

வில்லையின் முகப்பில் விழும் மழைத்துளி, தானும் ஒரு சிறு குவிவில்லையாகிவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீரின் ஒளிவிலகல் எண் 1.33. துளியின் வழியே புகும் ஒளி, தான் செல்லவேண்டிய பாதையிலிருந்து விலகிச் செல்கிறது. துளி வில்லைக்கு மிக அருகில் இருப்பதால், அதன் உருவம் தெளிவாகக் குவியாமல் படத்தில் மங்கிய திட்டாகப் படிகிறது. எதிரே விளக்கொளி இருந்தால் அத்திட்டு ஒளிவட்டமாக விரியும். ஒளித்துளையைச் சிறிதாக்கும்போதும், அகன்ற காட்சியைக் காட்டும் வில்லையைப் பயன்படுத்தும்போதும் இக்குறை மேலும் தெளிவாகத் தெரியும்.

குளிர்ந்த வில்லையில் படியும் பனிப்படலம்

மழையில் நனையாத வில்லையும் நனையக்கூடும். குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதைக் காண்கிறோம். குவளை கசிவதன்று அது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் நீராக மாறுவதே அதன் காரணம். குளிரூட்டப்பட்ட மகிழுந்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ஈரப்பதம் மிகுந்த வெளியிடத்திற்குக் கருவியைத் திடீரெனக் கொண்டுசென்றால் வில்லைக்கும் இதுவே நேரும். முகப்பில் படிந்த பனியைத் துடைத்துவிடலாம். உள்ளே படிந்ததைத் துடைக்க இயலாது. ஆகவே, கருவியைக் காற்றுப் புகாத பையில் மூடியபடியே வெளியே கொண்டுசென்று, அரைமணி நேரமளவு காத்திருந்து, வெளிவெப்பநிலையை அது எட்டிய பின்னரே திறத்தல் வேண்டும். பனி, வில்லையின்மேல் படியாமல் பையின்மேல் படியும்.

நூல் விரும்புவதும் வில்லை வெறுப்பதும்

மழை ஓய்ந்த பின்னர்த் தொடங்கும் பகை பூஞ்சை. அதன் நுண்வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டைக் கடந்து, காற்றோட்டமும் ஒளியும் இன்றி நாள்கள் கழியும்போது, வில்லையில் ஒட்டிய தூசியையும் விரல் எண்ணெயையும் உணவாகக் கொண்டு அவை முளைக்கின்றன. சிலந்திவலை போன்ற இழைகளாகப் பரவும் பூஞ்சை சுரக்கும் அமிலம், வில்லையின் மேற்பூச்சை அரிக்கிறது. பூஞ்சையை அகற்றினாலும் அரித்த தழும்பு மறைவதில்லை.

இங்கே ஆடைத் தொழில் நமக்கொரு பாடம் கற்பிக்கிறது. பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறும். அதனால் நூற்பாலைகளில் நீர்த்திவலைகளைத் தெளித்துக் காற்றின் ஈரப்பதத்தைப் பேணுகின்றனர். நெசவியல் அளவீட்டில், பருத்தியின் ஈர ஏற்பு 8.5 விழுக்காடு; பாலியஸ்டரின் ஈர ஏற்பு 0.4 விழுக்காடு மட்டுமே. நூலுக்கு நன்மை செய்யும் ஈரம் வில்லைக்குத் தீமை செய்கிறது. பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவைப்பது பாதுகாப்பெனத் தோன்றினும், உண்மையில் அது ஈரத்தை வில்லைக்கு அருகிலேயே இருத்திவைப்பதாகும். தோலுறைக்கும் இது பொருந்தும்.

ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும் உலர்பெட்டியே வில்லைக்கு உகந்த இருப்பிடம். அதனை வாங்க இயலாதோர், இறுக மூடும் நெகிழிப்பெட்டியில் சிலிக்கா கூழ்மணிப் பொதிகளை இட்டு வைக்கலாம். நிறம் மாறும் மணிகள், ஈரத்தை ஏற்று நிறைந்ததைத் தாமே அறிவிக்கும். அவற்றைச் சூடேற்றி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். நீலநிற மணிகளில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பதால் அவற்றைக் கவனத்துடன் கையாள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்குப் படச்சுருளாகப் பயன்பட்டது. காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே தம் கலையை வளர்த்த அவருக்கு 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்பதாகும்.

காக்கும் வழிகள்

மழையில் படமெடுக்கும்போது முதற்காவல், வில்லை முகப்பில் பொருத்தும் கூம்புறை. சாய்ந்து விழும் துளிகளை அது தடுக்கும். இரண்டாவது, முகப்பில் திருகும் நிறமற்ற காப்புக் கண்ணாடி. அது நனைந்தாலும் கீறினாலும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, மழையுறை. நெகிழிப்பையில் வில்லை நுழையுமளவு துளையிட்டு, இரப்பர் வளையத்தால் கூம்புறையோடு இறுக்கினாலே எளிய மழையுறை அமைந்துவிடும். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பது பொருட்செலவற்ற காவல்.

சில கருவிகளின் இணைப்புகளில் நீரைத் தடுக்கும் இரப்பர் வளையங்கள் உள்ளன. கருவி, வில்லை இரண்டிலும் அவை இருந்தால்தான் பயனுண்டு. 'ஐபிஎக்ஸ்4' என்னும் குறியீடு, எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். 'ஐபிஎக்ஸ்7' என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். குறியீடு இல்லாத கருவியை மழைக்கு அஞ்சாதது எனக் கொள்ளலாகாது.

துடைப்பதற்கும் முறையுண்டு. புழுதியிலுள்ள குவார்ட்சு மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. வேட்டி முனையாலோ சட்டை நுனியாலோ அழுத்தித் துடைத்தால், ஒட்டியிருக்கும் மணல் வில்லையைக் கீறிவிடும். முதலில் காற்றூதியால் தூசியை அகற்றவேண்டும். அடுத்து மென்தூரிகையால் நீவவேண்டும். இறுதியாகத் தூய நுண்ணிழைத் துணியால், நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடைக்கவேண்டும். மழையில் நிற்கும்போது வில்லையைக் கழற்றி மாற்றுதல் கூடாது. நீர் உள்ளே புகுந்ததென ஐயமுற்றால், உடனே கருவியை அணைத்து மின்கலத்தை அகற்றி, பழுதுநீக்குநரிடம் சேர்ப்பதே நலம்.

தாமரை இலை தந்த அறிவு

ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்வோரைத் 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்பது நம் வழக்கு. அவ்விலையின் மேற்பரப்பில் நுண்புடைப்புகளும் அவற்றின்மேல் மெழுகுப் படிகங்களும் உள்ளன. அதனால் நீர் பரவாமல் உருண்டையாகத் திரண்டு, தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டோடுகிறது. செருமானியத் தாவரவியலாளர்களான வில்கெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நெய்ன்ஹுய்சும் 1997இல் இவ்வியல்பை விரிவாக விளக்கினர். இன்று சில வில்லைகளின் முகப்பில் பூசப்படும் புளோரின் சேர்மப் பூச்சும் நீரை ஒட்டவிடாமல் விலக்குகிறது. எனினும், காலப்போக்கில் தேயும் இயல்புடையது அப்பூச்சு. எந்தத் தொழில்நுட்பமும் கவனத்திற்கு மாற்றாகாது.

படம் எடுக்கும் திறன் நொடிப்பொழுதில் வெளிப்படுவது. கருவியைப் பேணும் பண்போ நாள்தோறும் வெளிப்பட வேண்டியது. நனைந்த கருவியை அப்படியே பையிலிட்டு உறங்கச் செல்லாமல், துடைத்து, உலர்த்தி, உரிய இடத்தில் வைக்கும் பத்து நிமிட உழைப்பே மறுநாளைய படத்தின் தெளிவை முடிவுசெய்கிறது. உழவர் மண்வெட்டியைக் கழுவிவைப்பதும், தையற்கலைஞர் பொறிக்கு எண்ணெயிடுவதும் இப்பண்பின் வெளிப்பாடுகளே. கருவியைக் காப்பவரைத் தொழில் காக்கும்.