கண்காணி

தேர்வு மண்டபத்தில் நம் நெஞ்சைப் படபடக்க வைப்பவர் அறைக் கண்காணிப்பாளர். அவர் பெயருக்குள் இருக்கும் ‘கண்காணி’ என்ற சொல்லின் கதை மிகவும் சுவையானது, தோழியரே!

‘கண்’, ‘காண்’ என்னும் இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் இது. கண்ணால் கண்டு மேற்பார்வை செய்பவர் என்பது பொருள். திருமூலர் தம் திருமந்திரத்தில் இறைவனையே கண்காணி என்கிறார். அந்தக் கண்காணி இல்லாத இடமே இல்லை என்பது அவர் கருத்து.

நம் ஆயர்களைக் குறிக்கும் ‘பிஷப்’ என்ற சொல் ‘எப்பிஸ்கோப்போஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மேற்பார்வை செய்பவர் என்றே பொருள். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பொன்று அச்சொல்லைக் ‘கண்காணி’ என்றே தந்துள்ளது.

இத்தனை உயர்ந்த சொல், கடல் கடந்தபோது ‘கங்காணி’ ஆகிக் கசந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஏழை மக்களைத் திரட்டிச் சென்றவர்கள் கங்காணிகள். முன்பணம் என்ற பெயரில் பலரைக் கடனில் ஆழ்த்தினர். கடனைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை இலங்கையில் 1921-இல்தான் ஒழிந்தது. மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது.

சொல் ஒன்றுதான். பார்க்கும் கண் யாருடைய நன்மைக்காகப் பார்க்கிறது என்பதில்தான் எத்தனை வேறுபாடு! வகுப்புத் தலைவியாக, வீட்டில் மூத்தவளாக, நாளை தாயாக நாமும் கண்காணிகளே. நம் பார்வை பட்டவர்கள் அஞ்சாமல், ஆறுதல் பெறட்டும்!