கண்மாயில் குளிப்போர் கவனத்திற்கு

குளத்தூர் என்னும் பெயரிலேயே குளம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் இப்பகுதியில் வேளாண்மையும் கால்நடைகளும் கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே இருந்துவந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையில் அவை நிரம்பும்போது சிறுவரும் பெரியவரும் குளிக்க இறங்குகின்றனர். நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கி இறப்பதுண்டு. முன்கவனத்தால் தவிர்க்கக்கூடிய இறப்புகள் இவை என்பதால், சிலவற்றை இங்கே விளக்குகிறோம்.

பழகிய நீரும் மாறும்

கோடையில் வண்டல் மண் அள்ளிய இடங்கள், மழைக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களாகின்றன. இடுப்பளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியிலேயே ஆழத்தில் விழக்கூடும். சேறு காலைப் பிடிக்கும். நீருக்கடியில் உள்ள கருவேல முட்கள் ஆடையைச் சிக்கவைக்கும். திறந்த மடையருகே நீரின் இழுப்பு மிகுதி. எனவே, நீர் வற்றியிருக்கும்போதே பள்ளங்களைப் பார்த்து, கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைப்பது நன்று.

நோயாளர் அறியவேண்டியது

வலிப்பு நோய் உள்ளவர்கள், பல மாதங்களாக வலிப்பு வராதிருந்தாலும், கண்மாயில் தனியே இறங்கலாகாது. கரையில் அமர்ந்து செம்பில் மொண்டு குளிப்பதே நலம். இதய நோயாளரும் இன்சுலின் எடுப்பவரும் துணையுடனே செல்க. மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. ஆகவே, துணையாக வருபவர் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கவேண்டும்.

காப்பாற்றச் செல்பவர்க்கு

2023 பிப்ரவரி 15 அன்று, விராலிமலைப் பகுதியைச் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். கால்பந்து விளையாடச் சென்ற பிள்ளைகள் அவர்கள். உடல் வலிமை மட்டுமே நீரில் காப்பாகாது.

மூழ்குபவர் அச்சத்தில், எட்டியவரை இறுகப் பற்றுவார். இருவரும் மூழ்க நேரும். ஆகையால் உடனே குதிக்காதீர்கள். கரையில் படுத்துக் கழியை நீட்டுங்கள். சேலையையோ கயிற்றையோ வீசுங்கள். மூடி இறுக்கிய காலிக் கேனில் நீண்ட கயிறு கட்டித் துறையருகே எப்போதும் வைத்திருப்பது ஊரார் எளிதில் செய்யக்கூடியது.

கரை சேர்த்த பின்

108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் வேண்டா. அவை நேரத்தை வீணாக்கும். மூச்சில்லையெனில், மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து முறை காற்றை ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவில் 30 முறை வலுவாக, விரைவாக அழுத்தி, 2 முறை ஊதுங்கள். மூச்சு திரும்பும்வரை அல்லது உதவி வரும்வரை இதனைத் தொடருங்கள்.

தெளிந்து எழுந்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். நுரையீரலில் நீர் புகுந்திருந்தால், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் தோன்றலாம். இந்தப் பக்கத்தைப் படித்தபின், வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.